பெடரஸ் ஃபுசிபெஸ் பரவலை அறிய ஜிபிஃப் தளம் எவ்வளவு உதவும்?

பெடரஸ் ஃபுசிபெஸ் ரோவ் வண்டின் பரவலைத் தேடுகிறவர்களுக்கு, உலகெங்குமுள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டித் தரும் ஜிபிஃப் (GBIF) தளத்தைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் முதலில் திறக்கும் வரைபடத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது.

1826-ல் கர்ட்டிஸ் விவரித்த இந்த வண்டு பிரிட்டனிலிருந்து மத்திய ஆசியா வழியாக ஜப்பான் வரையும், தென்கிழக்கே ஆஸ்திரேலியா வரையும் வாழ்கிறது. வரைபடத்திலோ மேற்கு ஐரோப்பாவில் புள்ளிகள் அப்பிக் கிடக்கும், தெற்காசியாவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். நம் நெல் வயல்களில் புகையான் பூச்சியைத் தின்னும் வண்டு இது. புள்ளி இல்லை என்றால் அங்கிருந்து யாரும் பதிவு அனுப்பவில்லை என்றுதான் பொருள். வண்டு இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தேடல் பெட்டியில் அறிவியல் பெயரைக் கொடுத்து இனத்தின் பக்கத்துக்குப் போங்கள். பழைய மாற்றுப்பெயர்களில் உள்ள பதிவுகளும் அங்கேயே சேர்ந்து வரும்; தளத்தின் பெரிய பலம் இது. பிறகு 'பேசிஸ் ஆஃப் ரெக்கார்ட்' (பதிவு எதை வைத்து வந்தது) என்ற வடிகட்டியில் அருங்காட்சியக மாதிரிகளைத் தனியாகவும், மனிதர் பார்த்த பதிவுகளைத் தனியாகவும் எடுங்கள். பெடரஸ் பேரினத்தில் 600-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஆரஞ்சும் கறுப்பும் மாறி வரும் உடல், நீலம் மின்னும் குட்டை முன்சிறகு என்று பலவும் ஒன்றுபோலவே இருக்கும். ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்துத்தான் பலவற்றை உறுதியாகப் பிரிக்க முடியும். பொதுமக்கள் உயிரினப் படங்களைப் பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் வழியாக வரும் பதிவுகள் பெரும்பாலும் புகைப்படத்தை மட்டும் வைத்துப் பெயரிடப்பட்டவை. ஆசியப் பதிவுகளில் அவற்றைத் துணைச்சான்றாக மட்டுமே கொள்ளலாம். பேரினம் வரை மட்டும் அடையாளம் கண்ட பதிவுகள் இனப் பக்கத்தில் வராது. அவற்றையும் பார்க்க பேரினத்தின் பக்கத்தைத் திறக்க வேண்டும்.

மாத வடிகட்டியைப் பலர் தொடுவதேயில்லை. மலேசியாவில் அறுவடையும் உழவும் முடிந்ததும் இவ்வண்டுகள் வயலை விட்டுப் பறந்து, அருகிலுள்ள குடியிருப்புகளின் விளக்கொளிக்கு வருகின்றன. நசுங்கினால் பெடரின் நச்சு தோலைப் புண்ணாக்கும். ஒரு பகுதியில் போதிய பதிவுகள் இருந்தால் இந்தப் பருவம் மாத வாரியாகத் தெரியும்.

பதிவுகளைப் பார்ப்பதற்குத் தளத்தில் பயனர் கணக்கு வேண்டாம், தரவிறக்குவதற்குக் கணக்கு வேண்டும். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. தரவிறக்க வடிவங்களில் 'சிம்பிள்' வடிவமே போதும். கோப்பின் பெயர் சிஎஸ்வி என்றாலும் உள்ளே பிரிப்பான் டேப். எக்செல்லில் நேரடியாகத் திறந்தால் நெடுவரிசைகள் குழம்பும். எக்செல்லின் 'டேட்டா' பட்டியல் வழியாக இறக்கி, பிரிப்பானுக்கு டேப், எழுத்துக் குறியாக்கத்துக்கு யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை) பூஜ்ஜியமாக உள்ள வரிகளையும், நாடும் ஆயத்தொலைவும் பொருந்தாதவற்றையும் முதலில் நீக்குங்கள். ஒவ்வொரு தரவிறக்கத்துக்கும் ஒரு டிஓஐ எண் (மேற்கோள் காட்ட உதவும் நிலையான இணைய அடையாளம்) கிடைக்கும். கட்டுரையில் அதைக் குறிப்பிட்டால், மாதிரிகளைக் காத்துவரும் அருங்காட்சியகங்களுக்கும் பெருமை போய்ச் சேரும்.