16 கிலோ கெட்டில்பெல்: ஸ்விங் அருமை, கைப்பிடி மோசம்

கொட்டகலை நண்பன் கேட்டிருந்தான்: "மச்சான், நீ வச்சிருக்கிற அதே கெட்டில்பெல்லை ஹட்டன்ல விலை குறைச்சுப் போட்டிருக்காங்க. வாங்கலாமா?" அவனுக்கான பதில் இது, கொஞ்சம் நீளம். கெட்டில்பெல் என்றால் மேலே கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு; அதைப் பிடித்துக் கால்களுக்கு நடுவிலிருந்து நெஞ்சு உயரம் வரை வீசும் பயிற்சிதான் ஸ்விங்.

இரும்பில் குறையில்லை. தினமும் சீமெந்துத் தரையில் வைத்து எடுக்கிறேன், அடிப்பாகம் இன்னும் ஆடாமல் உட்காருகிறது. என் கோபமெல்லாம் கைப்பிடி மேல்தான். பளபளவென்று தடிப்பாகப் பெயின்ட் அடித்துத் தந்திருக்கிறார்கள். ஏசி போட்ட ஜிம்முக்கு அது சரிப்படலாம். இங்கே, இலங்கை மலைநாட்டில், ஜூன், ஜூலையில் மழை விட்டும் விடாமலும் கிடக்கும். விடியற்காலையில் தொட்டால் குளிர்ந்த இரும்பு முழுக்க ஈரம் பூத்திருக்கும். துடைத்துவிட்டுப் பிடித்தாலும் கொஞ்ச நேரத்தில் வழுக்கும். கை வழுக்காமலிருக்கப் பூசும் சோக் பவுடர் போட்டால் பெயின்ட்டில் ஒட்டாமல் களியாகிவிடுகிறது.

வழுக்கினால் இறுக்கிப் பிடி என்பார்கள். ஸ்விங்கைக் கெடுப்பதே அதுதான். இறுக்கினால் தோள் ஏறும், தோள் ஏறினால் கை தூக்க ஆரம்பிக்கும். ஸ்விங்கில் கைக்குத் தூக்கும் வேலையே கிடையாது, பிடித்திருந்தால் போதும். வேலை முழுவதும் இடுப்புக்கும் பிட்டத்துக்கும்தான். கெட்டில்பெல்லைக் காலுக்கு ஓரடி முன்னால் வைத்து, இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது கதவைப் பிட்டத்தால் தள்ளி மூடுவோமே, அப்படி இடுப்பைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். முழங்கால் கொஞ்சம்தான் மடங்கும். உட்கார்ந்து எழுந்தால் அது ஸ்குவாட். முதுகு நேராக இருக்க, குண்டைக் கையில் பிடித்தபடியே முழங்காலுக்கு மேலே தொடைகளுக்கு நடுவே பின்னால் வீசி, முன்கை தொடையில் படும்வரை பொறுத்து, சட்டென்று நிமிர வேண்டும். மூச்சும் அப்போதே வெளியே போகும். நெஞ்சு உயரத்துக்கு அது தானாக வந்து நிற்கும்.

போட்டிக்கான கெட்டில்பெல்களின் கைப்பிடியைப் பெயின்ட் அடிக்காமல் வெறும் உருக்காகத்தான் விடுகிறார்கள். தெரிந்தவர்கள் செய்வது அப்படி. நானும் சாண்ட் பேப்பர் வாங்கிக் கைப்பிடியை மட்டும் தேய்த்து எடுத்தேன். அன்றைக்கே ஸ்விங் மாறியது: விரல் தளர்ந்தது, தோள் இறங்கியது, சோக் ஒட்டியது. ஆனால் மலைநாட்டு ஈரத்தில் வெறும் இரும்பு சும்மா இருக்குமா? மழை நாட்களில் தொடாமல் விட்டால் துரு ஏறி உள்ளங்கை செம்மண் நிறமாகிறது. துடைப்பதும் லேசாக எண்ணெய் தடவுவதும், மறுபடி பிடிக்குமுன் அந்த எண்ணெயைத் துடைப்பதும் தினசரி வேலையாகிவிட்டன.

இதில் நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டுக்கு ரோட்டிலிருந்து படி ஏறித்தான் வர வேண்டும். 12.5 கிலோ காஸ் என்றால் சிலிண்டரின் எடையும் சேர்ந்து அதற்கு மேல் வரும். முன்பெல்லாம் அதைத் தூக்கிய அன்று இரவு இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் படுப்பேன். இப்போது குனியும்போதே இடுப்பு தானாகப் பின்னால் போகிறது, வலி இல்லை. ஆயுசுக்கும் கொழுந்துக்கூடை சுமந்த அம்மாவுக்கு இதை யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்று அடிக்கடி நினைப்பேன்.

இவ்வளவும் கொடுத்த சாமானை வாங்கச் சொல்வேன் என்றுதான் நினைத்திருப்பாய். வாங்காதே. காசையும் வாங்கிக்கொண்டு, கைப்பிடியைத் தேய்க்கும் வேலையையும் நம் தலையில் கட்டுகிறவர்களுக்கு, இந்த மழையில் என்னால் நல்ல வார்த்தை சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை வா, என்னுடையதை வீசிப் பார். போட்டி வகை கண்டிப் பக்கம் கிடைக்குமா என்று அப்புறம் விசாரிப்போம்.