தூக்கம் வருதான்னு கேட்கிற ஆஸ்பத்திரி

எங்க பஞ்சாயத்து குடும்ப ஆரோக்கிய மையத்துக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒண்ணைக் குறைச்சது ஏன்னு கடைசியில சொல்றேன்.

நாங்க இருக்கிறது பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகாவோட கிழக்கு ஓரம். வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டினா கோயமுத்தூர் ஜில்லா. வீட்டுல பேச்சு தமிழ், வெளியில காகிதமெல்லாம் மலையாளம். எங்க வீட்டுக்காரர் தென்னை ஏறுறவர். போன வருஷம் ஆடி மழையில மரம் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிஞ்சுபோச்சு. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில கம்பி வெச்சாங்க. ஆபரேஷனைக் குறை சொல்ல மாட்டேன். நாலாம் மாசம் எக்ஸ்ரேயைப் பார்த்து, "எலும்பு நல்லா கூடியிருக்கு, தாராளமா நடங்க"ன்னாங்க.

அவர் நடக்கலை. சுவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்தவர் படுத்தவர்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு வேர்த்துக் கொட்டி எந்திரிச்சு உட்கார்ந்திருப்பார். தோப்புல மட்டை விழுற சத்தம் கேட்டாலே உடம்பு தூக்கிப்போடும். மறுபடி போய்ச் சொன்னதுக்கு வலி மாத்திரையை மாத்திக் குடுத்தாங்க. "வேலைக்குப் போக மனசில்லை போல"ன்னு அங்கே ஒருத்தர் சொன்னது இன்னும் என் நெஞ்சுல குத்துது. இருபது வருஷம் மரம் ஏறின மனுஷன் அவர்.

படுத்த படுக்கையா இருக்கிறவங்களை வீட்டுக்கே வந்து பார்க்கிற நர்ஸ், பாலியேட்டிவ் சிஸ்டர், பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பார்க்க வருவாங்க. அவங்களை எங்க வார்டு ஆஷா, அதாவது வீடு வீடா வர்ற சுகாதாரப் பணியாளர், எங்க வீட்டுக்கும் கூட்டிட்டு வந்தாங்க. சிஸ்டர் காலைத் தொடவே இல்லை. கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "அண்ணா, தூக்கம் வருதா?"ன்னு கேட்டாங்க. அத்தனை மாசத்துல அதைக் கேட்ட முதல் ஆள் அவங்கதான்.

அடுத்த வாரம் ஆட்டோ வெச்சு மையத்துக்குப் போனோம். பிரஷர், சுகர் பார்க்கிற அதே இடத்துல 'ஆஸ்வாசம்'னு மனச்சோர்வுக்கும் பார்க்கிறாங்க. முதல்ல ரெண்டு கேள்வி, அதுல சந்தேகம் வந்தா மொத்தம் ஒன்பது. போன ரெண்டு வாரத்துல எத்தனை நாள் இப்படி இருந்துச்சுன்னு ஒவ்வொண்ணுக்கும் பூஜ்யத்துல இருந்து மூணு வரைக்கும் மார்க், ஆகக் கூடினது 27. ஒன்பதாவது கேள்வி, செத்துப் போனா தேவலைன்னு தோணுச்சாங்கிறது. அவர் நாற்காலிக் கைப்பிடியைக் கட்டைவிரலால தேய்ச்சுக்கிட்டே இருந்தார். சிஸ்டர் பேனாவை மூடி வெச்சுட்டு, அவசரப்படுத்தாம காத்திருந்தாங்க. "சில நாள்"னார். பக்கத்துல உட்கார்ந்திருந்த எனக்கே அது அன்னைக்குத்தான் தெரியும்.

மொத்தம் 17. டாக்டரம்மா அதை எங்களுக்குப் புரியற மாதிரி சொன்னாங்க: தூங்காத உடம்புக்கு வலி அதிகமாத் தெரியும். வலிக்குப் பயந்து காலை அசைக்காம வெச்சா முட்டி இறுகும். இறுகினா இன்னும் வலிக்கும், மனசு இன்னும் விழும். சோம்பேறித்தனம்னு ஒரு வார்த்தை வரலை. மனச்சோர்வுக்குக் குடுக்கிற மாத்திரை வேலை செய்யவே ரெண்டு, மூணு வாரம் ஆகும், நீங்களா நிறுத்தாதீங்கன்னாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது, பிசியோதெரபி பார்க்கிற தம்பியும் கவுன்சிலிங் பண்ற அம்மாவும் ஒருத்தருக்கொருத்தர் பேசி வெச்சதுதான். வலி தாங்கறவரைக்கும் நடங்கன்னு சொல்லலை. இன்னைக்குப் பத்தடி, வலிக்கலைன்னாலும் பத்தோட நிறுத்தணும். நாளைக்குப் பன்னிரண்டு. தோப்பு ஓரம் நாற்காலி போட்டுப் பத்து நிமிஷம் உட்காருங்க, மட்டை விழட்டும், எந்திரிச்சு ஓடாதீங்க. இது அந்தம்மா குடுத்த வீட்டுப்பாடம். முதல் நாள் என் கையை நகம் பதியப் பிடிச்சிருந்தார். ரெண்டாவது மாசம் மட்டை விழுந்தப்ப, "அது காஞ்ச மட்டை"ன்னார்.

ஒரு ராத்திரி ரொம்ப முடியாமப் போய் 14416-க்கு அடிச்சேன். டெலி மானஸ்னு மனநல உதவிக்கான போன் நம்பர், 2022-ல மத்திய அரசு ஆரம்பிச்சது. எந்நேரமும் எடுக்கிறாங்க, காசில்லை, தமிழ்லயும் பேசலாம். இதைப் படிக்கிறவங்க போன்ல பதிஞ்சு வெச்சுக்கோங்க.

இனி குறை. கவுன்சிலிங் அம்மா தினமும் வர்றதில்லை. வர்ற நாளை ஆஷாகிட்ட கேட்டுட்டுப் போங்க, இல்லைன்னா ஆட்டோக் காசு வீண். ஒரு தடவை மாத்திரை ஸ்டாக் இல்லாம வெளியில வாங்கினோம். பெரிய குறை, அந்த ஒன்பது கேள்வித் தாள் மலையாளத்துல மட்டும் இருந்தது. நடவு, செங்கல் சூளைன்னு எங்க பக்கத்து ஜனங்கள்ல பாதிப்பேருக்கு மலையாளம் காதால புரியும், எழுத்துல தெரியாது. சிஸ்டர் வாயால சொல்லி நான் ஒன்பதையும் தமிழ்ல எழுதிக் குடுத்தேன். போன வாரம் போனப்ப அது அவங்க மேஜைக் கண்ணாடிக்கு அடியில இருந்துச்சு.