மந்திரவாதிக்கும் போர்வீரனுக்கும் ஒரே மேசை: டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பில் பலச் சமநிலை

ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் (டி அண்ட் டி) ஐந்தாம் பதிப்பைக் கொரோனா ஊரடங்குக்கு முன்பிருந்தே தக்கலையில் எங்கள் வீட்டில் ஆடிவருகிறோம். பாத்திரங்களுக்கிடையே பலம் சமமாக இருக்கிறதா என்று புதிதாக வருகிறவர்கள் தவறாமல் கேட்கிறார்கள். சண்டையில் பெரும்பாலும் இருக்கிறது, சண்டைக்கு வெளியே இல்லை என்பதே என் பதில். தொடக்கத்திலிருந்து போர்வீரனாகவே ஆடுகிறவன் நான். என் பார்வை அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் சண்டைக் கணக்கு. ஐந்தாம் லெவலில் மந்திரவாதிக்கு ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரம் கிடைக்கிறது. இருபது அடி ஆரத்துக்குள் நிற்கும் ஒவ்வொருவருக்கும் எட்டு ஆறுமுகப் பகடை அளவு சேதம், சராசரி 28. பகடை உருட்டிச் சமாளித்துக்கொண்டவர்களுக்கு அதில் பாதி. அதே லெவலில் என் போர்வீரனுக்கு ஒரு முறைக்கு இரண்டு வெட்டு. வலிமை 18 இருந்து, பெருவாளின் இரண்டு வெட்டும் பட்டால் சராசரி 22, அதுவும் பெரும்பாலும் ஒரே எதிரிக்கு. கூட்டமாக வந்த கோப்ளின் என்ற குட்டி அரக்கர்களை மந்திரவாதி ஒரே வீச்சில் எரித்துவிட்ட பிறகு மிச்சமிருக்கும் ஒன்றை வெட்டப் போவதில் என்ன உற்சாகம் இருக்கும்? ஆனால் அந்த லெவலில் ஃபயர்பாலுக்கு அவனிடம் இருப்பது இரண்டு ஸ்லாட்தான் (ஸ்லாட் என்பது ஒரு மந்திரத்தை ஒரு முறை போடும் வாய்ப்பு). சண்டைகளுக்கு நடுவே எடுக்கும் குறு ஓய்வில் ஒன்றை மீட்டுக்கொள்ளலாம், அதுவும் நாளுக்கு ஒரு தடவை. என் வாளுக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது.

ஆகவே, சமநிலை இருப்பதும் இல்லாததும் ஓய்வைப் பொறுத்தது. ஆட்டத்தை நடத்துபவருக்காக 2014-இல் வந்த டன்ஜன் மாஸ்டர் கையேடு, ஒரு குழு ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மோதல்கள்வரை தாங்கும் என்று கணக்கிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து, இருட்டுவதற்குள் குலசேகரம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவரை வைத்துக்கொண்டு எட்டு மோதல்கள் எப்படி நடக்கும்? எங்களுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதற்குள் கதையில் இரவாகிவிடும், எல்லோரும் தூங்கி எழுவார்கள், மந்திரவாதியின் ஸ்லாட்டுகள் முழுதாகத் திரும்பிவிடும். போர்வீரன் மங்கித் தெரிவது இங்கேதான்.

இதற்கு மாற்று அதே கையேட்டில் விருப்ப விதியாக இருக்கிறது: குறு ஓய்வு எட்டு மணி நேரம், ஸ்லாட்டுகள் முழுதாகத் திரும்பும் நெடு ஓய்வு ஏழு நாள். ஆட்டத்தை நடத்தும் என் சித்தி மகள் இதை எடுத்துக்கொண்டு, குளச்சலைப் போன்ற ஒரு துறைமுகத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு மேலே இருப்பது போன்ற மலைக்காட்டுக்கு ஒரு பயணம் அமைத்தாள். வழியில் வெள்ளம், கொள்ளைக்காரர்கள், அறுந்த பாலம். ஏழு நாள் உட்கார்ந்து ஓய்வெடுக்க எங்கும் வழியில்லை. ஃபயர்பாலை இன்று போடலாமா, மலையேறும்வரை வைத்திருக்கலாமா என்று மேசையே கூடிப் பேச ஆரம்பித்தது. ஒவ்வொரு இரவும் குறு ஓய்வு என்பதால் என் போர்வீரனின் ஆக்‌ஷன் சர்ஜ் (தன் முறையில் கூடுதலாக ஒரு செயல் செய்யும் திறன்) காலையில் திரும்பிவிடும். இந்த விதியிலும் ஒரு குறை உண்டு. எட்டு மணி நேரமே நிற்கும் மேஜ் ஆர்மர் என்ற கவச மந்திரம் போன்றவை ஏறக்குறைய பயனற்றுப் போகின்றன. அதை மட்டும் மறுநாள் விடியும்வரை நீட்டித்துக்கொண்டோம்.

சண்டைக்கு வெளியே உள்ள இடைவெளிதான் எனக்கு உண்மையில் வலித்தது. எங்கள் குழுவில் திருடனாக ஆடுபவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். மழை பெய்தால் வெட்டு இல்லை, அதனால் ஆனி ஆடியில் அவர் வராத ஞாயிறு கிடையாது. பூட்டுத் திறக்கும் கருவிகளுக்கு இரட்டைத் தேர்ச்சி எடுத்து, பாத்திரத்தையே அதைச் சுற்றி வளர்த்திருந்தார். உதயகிரிக் கோட்டையை மனதில் வைத்து அமைத்த ஒரு கோட்டையில், ஆயுதக் கிடங்கின் பூட்டு முன்னால் நின்றோம். அவர் பகடையைக் கையில் எடுப்பதற்குள் மந்திரவாதியாக ஆடும் கல்லூரித் தம்பி பூட்டைத் திறக்கும் நாக் மந்திரத்தைப் போட்டுவிட்டான். பகடை இல்லை, தோல்விக்கு வாய்ப்பே இல்லை, பூட்டு திறந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் பகடையைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

அப்போது சித்தி மகள் மந்திரத்தின் விளக்கத்தைக் கடைசி வரிவரை படித்தாள். நாக் போட்டால் முந்நூறு அடி தூரத்துக்குக் கேட்கும் சத்தம் எழும். கருங்கல் மதிலுக்குள் அது எங்கெல்லாம் போயிருக்கும்! காவலர்கள் ஓடிவந்தார்கள், தப்புவதற்குப் படாத பாடு பட்டோம். அடுத்த பூட்டு வந்தபோது தம்பி தானாகவே, “அண்ணா, நீங்கள் பாருங்கள்” என்றான். விதியை இப்படி முழுதாகப் பயன்படுத்தினாலே பாதிச் சமநிலை வந்துவிடுகிறது. மந்திரத்தின் நன்மையை மட்டும் படித்துவிட்டு விலையை விட்டுவிடும் மேசைகளில்தான் திருடனுக்கு வேலை இல்லாமல் போகிறது.

வலிமை போன்ற தொடக்கத் திறன் எண்களைப் பகடை உருட்டி எடுக்காதீர்கள். நான்கு பகடை உருட்டிக் குறைந்ததைத் தள்ளும் முறையில் எங்களில் ஒருவருக்கு இரண்டு 18 விழுந்தது, நர்ஸாக இருக்கும் அக்காவுக்கு அதிகபட்சமே 13. பாத்திரம் ஆண்டுக்கணக்கில் கூட வரும். ஒரு மாலைப் பொழுதின் அதிர்ஷ்டத்தை அவ்வளவு காலம் சுமக்க வைப்பது நியாயமில்லை. 27 புள்ளிகளைப் பங்கிட்டு வாங்கும் முறையே போதும்.

பழைய பதிப்புகள் இதை வேறு வழியில் கையாண்டன. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் இரண்டாம் லெவலுக்குத் திருடனுக்கு 1,250 அனுபவப் புள்ளிகள், போர்வீரனுக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500 தேவை; அதாவது மந்திரவாதி மெதுவாகத்தான் லெவல் ஏறுவான். 1987-இல் வந்த ஆர்ஸ் மேஜிகா என்ற வேறொரு விளையாட்டோ சமநிலையே வேண்டாம் என்று முடிவெடுத்து, வலிமைமிக்க மந்திரவாதி வேடத்தை ஆட்டக்காரர்கள் மாறி மாறி ஏற்கும்படி வைத்தது. நேர்மையான வழி அது. ஆனால் தன் பாத்திரத்தோடு ஒட்டிப்போன எங்கள் குழுவுக்கு அது சரிவரவில்லை.

2024-இல் வந்த திருத்தப் பதிப்பிலிருந்து போர்வீரனுக்கான இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒன்று, ஆயுதத்துக்கு ஆயுதம் மாறும் சிறப்புத் திறன்கள். அடிபட்ட எதிரி சமாளிக்காவிட்டால் கீழே விழுவான் என்பது போன்றவை. மற்றொன்று, ஒரு திறன் சோதனையில் தோற்றால் செகண்ட் விண்டை (போர்வீரன் தன் உயிர்ப்புள்ளிகளை மீட்டுக்கொள்ளும் திறன்) ஒரு தடவை செலவிட்டு, பத்துமுகப் பகடை உருட்டிக் கூட்டிக்கொள்ளும் உரிமை. அப்படியும் தோற்றால் அந்தச் செலவு கணக்கில் வராது. இந்த இரண்டாவதுதான் எனக்குப் பெரிது. சுவர் ஏறவும், ஆளை அடையாளம் காணவும், பேரம் பேசவும் என் போர்வீரன் இப்போது முன்வருகிறான்.