புரை ஆபரேஷன் செய்த கண் மறுபடி மங்கினால் உடனே புதுக் கண்ணாடி வாங்காதீர்கள்

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி ஒன்றரை வருடம் பார்வை நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்து அதைக் கழற்றிக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், இரவில் எதிரே வரும் வண்டி விளக்கு பூவாக விரிந்து கூசுகிறது என்றார். ஆபரேஷன் செய்த இடத்துக்கே கூட்டிப்போனோம். "பவர் மாறியிருக்கு" என்று கண்ணாடி மாற்றினார்கள். நாலு மாதத்தில் இன்னொரு கண்ணாடி. இரண்டு தடவையும் சொட்டு மருந்து விட்டுக் கண் பாவையை (நடுவில் இருக்கும் கருவட்டத்தை) விரித்துப் பார்க்கவே இல்லை. மூன்றாம் தடவை, "புரை திரும்ப வந்துடுச்சு, மறுபடி ஆபரேஷன் பண்ணணும்" என்றார்கள். அன்று ராத்திரி அம்மா தூங்கவே இல்லை.

புரை திரும்ப வராது. புரை பிடித்த லென்ஸைத்தான் எடுத்தாகிவிட்டதே! அதை மூடியிருந்த மெல்லிய உறையை மட்டும் விட்டுவைத்து, அதற்குள் செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். எவ்வளவு சுத்தம் செய்தாலும் உறையில் கொஞ்சம் செல்கள் ஒட்டியிருக்கும், அவை பெருகி அந்த உறையின் பின்பக்கச் சவ்வில் படர்ந்து தழும்பாகத் தடித்துச் சுருங்கும்போதுதான் பார்வை மங்குகிறது. இது பலருக்கு வருவதுதான், சிலருக்குச் சில மாதங்களில், சிலருக்குச் சில வருடங்கள் கழித்து. இது வந்ததற்காக யாரையும் குறை சொல்லவில்லை. பார்க்காமலே கண்ணாடி விற்றதுதான் பொறுக்கவில்லை.

வேறொரு டாக்டர் சொட்டு விட்டு, அரைமணி நேரம் உட்காரவைத்து, ஸ்லிட் லாம்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவியில்) பார்த்தவுடன் இதுதான் என்று சொல்லிவிட்டார். படத்தையும் காட்டினார், கசக்கிப் பிரித்த பாலித்தீன் தாள் மாதிரி இருந்தது சவ்வு. யாக் லேசர் வைத்து அதன் நடுவில் சின்னத் திறப்பு போட்டார், கத்தியும் இல்லை, தையலும் இல்லை, சில நிமிடத்தில் முடிந்தது. மறுநாள் அம்மா மருந்துச் சீட்டின் பொடி எழுத்தைத் தானே படித்தார்.

லேசர் என்றதும் உடனே தலையாட்டவும் வேண்டாம். சவ்வைத் திறந்தபிறகு லென்ஸை மாற்றுவது ரொம்பச் சிரமம், அதனால் லென்ஸிலேயே கோளாறு என்ற சந்தேகம் இருந்தால் அதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். லேசருக்குப் பின் கண் அழுத்தம் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். சில நாள் கண்ணுக்குள் புள்ளிகள் மிதக்கலாம். ஆனால் திடீரென்று மின்னல் வெட்டுவதுபோலத் தெரிந்தாலோ, ஓரத்தில் திரை விழுந்தமாதிரி மறைத்தாலோ, விழித்திரை விலகியிருக்கலாம், அன்றைக்கே ஓடுங்கள்.