385 டாலருக்கு வந்து சேர்ந்த மட்கிய தோல்: பழைய அம்பறாத்தூணி சேகரிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் "போகட்டும், விடு" என்று விட்டுவிடுவேன், அந்த ஆசாமியும் அடுத்தவரிடம் போய்விடுவார். 385 டாலர். தபால் செலவும் அதில் அடக்கம், சுங்கவரி தனி. அந்தப் பணத்துக்கு வந்தது தொட்டால் கையில் செம்பொடி ஒட்டுகிற ஒரு தோல் குழாய்.

எங்கே வாங்கினேன் என்று பெயர் சொல்லப்போவதில்லை. பழைய பொருள்களைத் தனிநபர்கள் பட்டியலிட்டு விற்கிற பெரிய இணையச் சந்தைகளில் ஒன்று. விற்றவர் அமெரிக்காவில் இருப்பவர். நட்சத்திர மதிப்பீடெல்லாம் பிரமாதமாக இருந்தது. அவற்றில் பெரும்பாலும் சாவிக்கொத்து, பெல்ட் பக்கிள் மாதிரி சில்லறைச் சாமான் விற்று வாங்கியவை என்பது பின்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

பொருள் என்னவென்றால், முதுகில் மாட்டும் தோல் அம்பறாத்தூணி, ஹோவர்ட் ஹில் பாணி. 1975இல் மறைந்த அந்த அமெரிக்க வில்லாளரின் பெயரால் அழைக்கப்படும் இந்த வகைக்கு விறைப்பே கூடாது. தோல் மெத்தென்று குழைந்து அம்புகளைச் சுற்றி அமுங்க வேண்டும். அப்படி அமுங்கினால்தான் நடக்கும்போது அம்புகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடாது, குனிந்தாலும் எளிதில் சரியாது. ஆக இந்த வகையில் "மிக நல்ல நிலை" என்றால் முதல் அர்த்தமே தோல் இன்னும் வளைகிறது என்பதுதான். பளபளப்பு, பூ வேலைப்பாடு எல்லாம் அப்புறம்.

பட்டியலில் "எக்ஸலென்ட் கண்டிஷன், 1940களின் பிற்பகுதி, சிறு பட்டறையில் கையால் செய்தது" என்று போட்டிருந்தது. படங்களில் தோல் கருஞ்சிவப்பாக, ஈரம் ஏறியதுபோல மின்னியது. நான் சும்மா வாங்கிவிடவில்லை. தையல் எப்படி, வெடிப்பு உண்டா, வாசனை எப்படி என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் நீளமாகப் பதில் வந்தது. தாவரப் பதனீட்டுத் தோல் (மரப்பட்டைச் சாறு போன்றவற்றில் பதப்படுத்தியது), மெழுகு ஏற்றிய லினன் நூல், இரண்டு ஊசி கொண்டு போட்ட சேணத் தையல். அந்தத் தையலில் ஓர் இழை அறுந்தாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும் என்பதுவரை அவரே விளக்கினார். தாத்தா இதை மாட்டிக்கொண்டுதான் மான் வேட்டைக்குப் போவாராம். (இந்த வியாபாரத்தில் எல்லோருக்கும் வேட்டைக்குப் போன ஒரு தாத்தா இருக்கிறார்.)

நம்ப வைத்தது இதெல்லாம் இல்லை. நான் கேட்காமலேயே அவராக ஒரு படம் அனுப்பினார். வாய்ப்பகுதியின் ஓரத்தில் நகத்தளவு ஒரு கீறல். "பட்டியலில் இது சரியாகத் தெரியவில்லை பிரதர், பின்னால் உங்களுக்கு மனவருத்தம் வரக்கூடாது" என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு சிறிய வீடியோ. தோள் வாரை இரண்டாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக் காட்டினார். தோல் வெண்ணெய் மாதிரி மடங்கியது. தன் சரக்கின் குறையைத் தானே காட்டுகிறவர் பெரிய குறையை மறைப்பாரா? அப்படித்தான் யாருக்கும் தோன்றும். அதற்காகத்தான் அந்தக் கீறல் காட்டப்பட்டது. வீடியோவில் மடங்கியது வார் மட்டும். தூணியின் உடம்பை ஒரு நொடிகூட அவர் தொடவில்லை.

பெட்டி வந்தது. திறப்பதற்கு முன்பே எண்ணெய் நெடி. சுற்றியிருந்த காகிதமெல்லாம் ஊறிப் போயிருந்தது. வெள்ளைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன், சாயமும் செம்பழுப்புப் பொடியும் கலந்து வந்தன. பக்கவாட்டில் லேசாக அமுக்கினால் நொறுநொறுவென்று சத்தம், அங்கேயே ஒரு விரிசல்.

சேகரிப்பவர்கள் 'ரெட் ராட்' என்று சொல்வது இதைத்தான். தாவரப் பதனீட்டுத் தோல் காற்றிலுள்ள கந்தக மாசு, ஈரம், வெப்பம் இவற்றில் கிடந்து உள்ளுக்குள் அமிலமேறி, நார் அறுந்து பொடியாகிறது. வந்துவிட்டால் பழைய பலத்துக்குத் திருப்ப வழியில்லை. மேற்கொண்டு உதிராமல் பிடித்துவைக்கும் பூச்சு உண்டு, அவ்வளவுதான். எண்ணெய் தடவினால் நிறம் அடர்ந்து, படத்துக்கு அருமையாக மின்னும். அறுந்த நார் ஒட்டாது. இந்த ஆள் தடவியிருந்தது ஒரு பாட்டிலா இரண்டு பாட்டிலா தெரியவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளிவந்தது. வார் புதுசு, பழைய நிறத்துக்குச் சாயம் ஏற்றியது. முன்பக்கச் சிறு பையின் ஜிப்பில் ஒய்கேகே என்று இருக்கிறது. அந்த ஜப்பானிய நிறுவனம் அமெரிக்காவில் கிளை திறந்ததே 1960இல். சரி, இடையில் யாரோ ஜிப் மாற்றியிருக்கலாம். அதைச் சொல்ல வேண்டாமா? அடித்தட்டைச் சுற்றியுள்ள நூலில் புற ஊதா டார்ச் அடித்தேன், நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தது. இந்தக் கால பாலியஸ்டர் நூல்கள் பல அப்படி ஒளிரும், பழைய மெழுகு லினன் பொதுவாக அப்படி ஒளிராது. வேட்டைத் தூணி என்றால் உள்ளே அடியில் அகன்ற அம்பு முனைகள் வெட்டிய தழும்புகள் இருக்கும். இதில் ஒன்றுகூட இல்லை. அடித்தட்டே புதிது, தழும்பு எங்கிருந்து வரும்? பட்டியலில் அடிப்பக்கத்தின் படமே இல்லாததன் காரணமும் புரிந்தது.

படம் எடுத்து அனுப்பினேன். "தோல் இயற்கைப் பொருள் பிரதர்" என்று பதில். வழியில் வெயில் பட்டிருக்கும் என்றார் அடுத்து. வெயில் பட்டால் ஜிப் மாறுமா, நூல் பாலியஸ்டர் ஆகுமா என்று கேட்டதற்கு ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. அப்புறம் 40 டாலர் தருகிறேன், விட்டுவிடுங்கள் என்றார். 385 டாலருக்கு 40 டாலர்! சந்தையில் முறைப்படி புகார் பதிவு செய்தேன். உடனே ஆளின் குரலே மாறிவிட்டது. புகாரால் தன் கணக்கு முடங்கிக் கிடக்கிறது, முழுப் பணத்தையும் அனுப்பத் தயார், ஆனால் புகார் திறந்திருக்கும்வரை அனுப்ப முடியவில்லை, மூடிவிட்டால் அன்றே அனுப்பிவிடுவேன் என்று கெஞ்சினார். மகள் படிப்பு, வாடகை என்று வேறு. புகாரை மூடினேன். அன்றிலிருந்து பிரதர் பேசுவதில்லை.

இது அவர் முதல்முறை செய்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. எந்த வார்த்தைக்கு எது நடக்கும் என்று அளந்து வைத்திருக்கிறார். நீங்களே மூடிய புகாரை மீண்டும் திறக்க இயலாது என்று சந்தையின் தானியங்கிப் பதில் வந்தது. எழுதினேன், அதே பதில். மறுபடி எழுதினேன், கடைசியில் ஒரு மனிதர் வந்தார். "பழமையான பொருள்களில் தேய்மானம் எதிர்பார்க்கக்கூடியதே. உங்கள் புரிதலுக்கு நன்றி" என்றார். நான் எதையும் புரிந்துகொண்டதாகச் சொல்லவே இல்லை! பணம் தருகிறேன் என்று விற்றவர் எழுதிய செய்தி அவர்களுடைய தளத்திலேயே கிடக்கிறது, படித்துப் பாருங்கள் என்றேன். உரையாடல் முடிக்கப்பட்டது. மதிப்பீடு கேட்டு மட்டும் மின்னஞ்சல் வந்தது, சேவை எப்படி இருந்ததாம். கார்டு கொடுத்த வங்கியில் முறையிட்டிருக்கிறேன், விசாரிக்கிறார்கள். 385 டாலர் இந்த நிமிடம்வரை அந்த ஆளிடம்தான் இருக்கிறது.

எதை எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். உடம்பை அமுக்கி வளைக்கும் வீடியோ கேளுங்கள், வார் வேண்டாம். அடிப்பக்கம், உள்பக்கம், ஜிப் மூன்றுக்கும் படம் வாங்குங்கள். வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். படத்தில் ஈரமாக மின்னினால் கடைசியாக எப்போது எண்ணெய் தடவியது என்று கேளுங்கள். "எக்ஸலென்ட்" என்ற சொல்லுக்கு இந்தச் சந்தைகளில் எந்தப் பொது அளவுகோலும் கிடையாது, அவரவர் வாய்க்கு வந்ததுதான். பணம் கையில் வரும்வரை புகாரை மூடாதீர்கள், யார் அழுதாலும் சரி.

இன்று காலை பார்த்தேன், அதே ஆள் இன்னொரு தூணியை ஏற்றியிருக்கிறார், இடுப்பில் மாட்டும் வகை. அதே கருஞ்சிவப்பு, அதே மினுமினுப்பு, ஏலம் ஏறிக்கொண்டிருக்கிறது. இதைப் படிப்பவர்களில் யாராவது அதில் விலை கேட்டிருந்தால், முடிவதற்குள் அடிப்பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.