இரும்புச்சத்து சிரப்: நான்கு மாதங்கள் குடித்த பின் எழுதும் மதிப்பீடு

மருத்துவர் முதலில் எழுதிக் கொடுத்தது இரும்புச்சத்து மாத்திரைதான். பதினொரு நாள் விழுங்கிப் பார்த்தேன். விழுங்கிய அரை மணி நேரத்தில் குமட்டலும், மாலை வரை அடங்காத வயிற்றுப் பிசைவும் வந்ததால் மேற்கொண்டு தொடர முடியவில்லை. அப்போது என் ஹீமோகுளோபின் 8.7 கிராம், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 6. கருப்பையில் இருந்த நார்க்கட்டியால் மாதந்தோறும் மிகுதியான உதிரப்போக்கு இருந்தது; இரத்தசோகைக்கு அதுவே காரணம் என்று ஸ்கேனில் தெரிந்தது. கட்டிக்குத் தனியாகச் சிகிச்சை தொடங்கிய பிறகு, மாத்திரைக்குப் பதிலாக 200 மி.லி. புட்டியில் வரும் சிரப் ஒன்றை மருத்துவர் பரிந்துரைத்தார். நான்கு மாதங்கள் அதைக் குடித்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஏறக்குறைய இதே கலவையைப் பல நிறுவனங்கள் விற்கின்றன, நான் எடைபோட விரும்புவது அந்தக் கலவையையும், அதைக் குடிக்கும் முறையையும், அது வரும் புட்டியையும்தான்.

சுருக்கமாகக் கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மருந்துக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன், புட்டிக்கும் மூடிக்கும் இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

அட்டையைப் படிப்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பலரும் தவறுவது அங்கேதான். என் புட்டியில் "ஒவ்வொரு 15 மி.லி.யிலும் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 160 மி.கி." என்று பெரிய எழுத்திலும், "தனிம இரும்பு 32.8 மி.கி." என்று அதன் கீழே சிறிய எழுத்திலும் அச்சிட்டிருந்தார்கள். உடலுக்குக் கணக்கு இரண்டாவது எண்தான். முதலாவது, இரும்பைச் சுமந்து வரும் உப்பின் எடை. உடன் ஃபோலிக் அமிலமும் பி12 வைட்டமினும் சிறிதளவு உண்டு. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெண்களுக்கு இலவசமாகத் தரும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மி.கி. தனிம இரும்பு இருக்கிறது. அந்த ஒரு மாத்திரைக்கு ஈடாக இந்தச் சிரப்பை ஏறக்குறைய 27 மி.லி. குடிக்க வேண்டும், அதாவது 200 மி.லி. புட்டி ஒரு வாரத்திற்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே வரும். மாத்திரை ஒத்துக்கொள்கிறவர்கள் சிரப்புக்குப் பணம் செலவழிக்கத் தேவையே இல்லை. மாத்திரையை விழுங்க முடியாதவர்களுக்கும், என்னைப் போல வயிறு ஏற்காதவர்களுக்கும், அளவைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டியவர்களுக்கும்தான் இது பயன்படும் பொருள். நான் முதல் வாரம் 5 மி.லி.யில் தொடங்கி, இரண்டாம் வாரம் 10, மூன்றாம் வாரத்தில்தான் 15 மி.லி. என்ற முழு அளவுக்கு வந்தேன். மாத்திரையில் இப்படிப் படிப்படியாக ஏறுவது எளிதன்று.

இனி மூடி. அட்டை 15 மி.லி. கணக்குச் சொல்கிறது, உடன் வரும் ஒளிபுகும் அளவு மூடியிலோ 2.5, 5, 10 என்ற மூன்று கோடுகள் மட்டுமே இருக்கின்றன. ஒரு முறை பத்தும் மறுமுறை ஐந்துமாக ஊற்றினால்தான் ஒரு வேளை மருந்து கிடைக்கும். எனக்கு இது தொல்லை மட்டுமே. கண் மங்கிய என் மாமியார் இதைக் கையாண்டிருந்தால் அளவு தவறியே இருக்கும். இந்த அலுப்பினால்தான் பல வீடுகளில் மூடியை ஒதுக்கிவிட்டுச் சமையல் கரண்டியை எடுக்கிறார்கள். எங்கள் வீட்டிலுள்ள நான்கு எவர்சில்வர் கரண்டிகளில் மருந்து ஊசிக்குழாயால் தண்ணீர் விட்டு அளந்து பார்த்தேன். மிகச் சிறியது 4 மி.லி. கொண்டது, பெரியது 13 மி.லி. கொண்டது. இரண்டையும் நாங்கள் "ஸ்பூன்" என்றுதான் அழைக்கிறோம். மருந்துக் கடையில் ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது இதற்குச் சரியான தீர்வு.

சுவையைப் பொறுத்தவரை, முதலில் ஆரஞ்சு மிட்டாய் போன்ற இனிப்பும், விழுங்கியபின் பழைய நாணயத்தை நாக்கில் வைத்தாற்போன்ற துவர்ப்பும் தெரிகின்றன. நீரிழிவு உள்ளவர்கள் அட்டையில் சர்க்கரை இருக்கிறதா, அதற்குப் பதிலாகச் சேர்க்கும் சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். சார்பிட்டால் சிலருக்கு வயிற்றை இளக்கிவிடும். சில சிரப்புகளில் சிறிதளவு ஆல்கஹாலும் சேர்க்கப்படுவதுண்டு. அதையும் அட்டையிலேயே குறிப்பிட்டிருப்பார்கள்.

எப்போது குடிப்பது என்பதில்தான் பாதிப் பலன் இருக்கிறது. இந்தக் கலவையில் உள்ளது ஃபெரிக் வகை இரும்பு. இரைப்பையின் அமிலமும் வைட்டமின் சி-யும் அதை ஃபெரஸ் வகையாக மாற்ற உதவும்போதுதான் குடல் அதை நன்றாக உறிஞ்சும். ஆகவே காலையில் வெறும் வயிற்றில், அரை எலுமிச்சம்பழம் பிழிந்த அரை டம்ளர் தண்ணீரில் கலந்து குடித்தேன். நெல்லிக்காய் கிடைத்த நாட்களில் அதன் சாற்றில் கலந்தேன். எனக்குக் கடினமாக இருந்தது காப்பியைத் தள்ளிவைப்பதுதான். காப்பியிலும் தேநீரிலும் உள்ள துவர்ப்புப் பொருட்களும், பாலிலுள்ள கால்சியமும் இரும்பை உறிஞ்சவிடாமல் தடுப்பவை. நம் வீட்டுக் காப்பியிலோ இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. விழித்தவுடன் சிரப், ஒரு மணி நேரத்திற்கும் மேல் கழித்துக் காப்பி என்று வழக்கத்தை மாற்றிக்கொள்ள எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. கால்சியம் மாத்திரையை இரவுக்கு மாற்றினேன். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதற்கும் இரும்புக்கும் இடையில் நான்கு மணி நேரமாவது விட வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகளும் இரும்போடு சேர்ந்தால் வேலை செய்யாமல் போகும். அசிடிட்டிக்கு நாள்தோறும் மாத்திரை போடுகிறவர்கள், சிரப் ஏன் பலன் தரவில்லை என்று வருந்துவதற்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. வெறும் வயிறு அறவே ஒத்துக்கொள்ளாவிட்டால் சிறிது உணவுடன் குடிக்கலாம். உறிஞ்சப்படுவது குறைந்தாலும், நிறுத்திவிடுவதைவிட அது மேல்.

மூன்றாம் வாரத்தில், கண்ணாடியில் பார்க்கும்போது கீழ்வரிசை முன்பற்களில் ஈறை ஒட்டி மெல்லிய கரிய கோடு ஒன்று தெரிந்தது. வெற்றிலைக் கறை போலவே இருந்தது. திரவ இரும்பு பல்லின் மேற்பரப்பில் படிவதால் வருவது இது. பல்லைக் கெடுப்பதில்லை, பல் மருத்துவர் சுத்தம் செய்ததும் போய்விட்டது. அதன் பிறகு எப்போதும் நீர்க்கக் கலந்து, உறிஞ்சுகுழலை நாக்கின் நடுவே வைத்துக் குடித்து, உடனே வாய் கொப்பளித்தேன், கறை திரும்பவில்லை. குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுப்பவர்கள் முன்பற்களில் படாமல் கன்னத்தின் உட்புறமாக விட வேண்டும். இவ்வளவு எளிய எச்சரிக்கையை அட்டையில் ஒரு வரியாகக்கூட அச்சிடாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது.

மலம் கறுத்துப் போவதும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டிய செய்தி. உறிஞ்சப்படாத இரும்புதான் அந்த நிறத்தைத் தருகிறது, அஞ்சத் தேவையில்லை. ஆனால் தார்போல ஒட்டுவதாகவும் கடும் நாற்றத்துடனும் இருந்தாலோ, வயிற்றுவலியோ தலைசுற்றலோ சேர்ந்து வந்தாலோ, அது குடலில் இரத்தம் கசிவதாக இருக்கலாம். அதைச் சிரப்பின் மேல் போட்டுவிட்டு வீட்டில் இருக்கக் கூடாது. மலச்சிக்கல் எனக்கும் இருந்தது. தண்ணீரும் கீரையும் கொய்யாப்பழமும் ஓரளவு உதவின.

முதல் மாதம் காலை, மாலை என இரு வேளை குடித்தேன். வயிறு மீண்டும் முரண்டு செய்தபோது, மருத்துவர் அதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று மாற்றி, இரு வேளை அளவையும் காலையிலேயே சேர்த்து எடுக்கச் சொன்னார். குறைத்துவிட்டாரே என்று கவலைப்பட்ட எனக்கு அவர் பொறுமையாக விளக்கினார். 60 மி.கி. அளவு இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. அது ஏறத்தாழ ஒரு நாள் வரை குடலின் கதவை ஒருக்களித்து வைக்கிறது. அந்நேரத்தில் போகும் அடுத்த வேளை இரும்பு பெரும்பாலும் வீணாகிறது. சுவிட்சர்லாந்தில் இரும்புக் குறைபாடுள்ள இளம்பெண்களிடம் நடத்தி 2015-லும் 2017-லும் வெளியான ஆய்வுகள் இதைக் காட்டின. இது எல்லோருக்கும் பொருந்தும் விதியன்று. கர்ப்பிணிகளும் மிகக் குறைந்த ஹீமோகுளோபின் உள்ளவர்களும் தாமாக நாள் விட்டுக் குடிக்கத் தொடங்கக் கூடாது.

மருந்தைவிட எனக்கு அச்சம் தருவது, கடையிலும் வீட்டிலும் இதற்கு வழங்கும் பெயர். "இரத்தம் ஊற ஒரு டானிக் கொடுங்கள்" என்று கேட்டால் சீட்டு இல்லாமலே எடுத்துக் கொடுக்கிறார்கள். டானிக் என்றதும், குடித்தால் நன்மை, கூடுதலாகக் குடித்தால் கூடுதல் நன்மை என்று மனம் எண்ணிக்கொள்கிறது. சோர்வுக்கெல்லாம் இரும்புக் குறைவு காரணமன்று. தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் மரபுக்கூறு உடையவர்களின் இரத்த அணுக்களும் சிறுத்தே இருக்கும், ஹீமோகுளோபினும் சற்றுக் குறைந்திருக்கும். ஃபெரிட்டின் சரியாக உள்ள அவர்களுக்கு இந்தச் சிரப்பால் பயனில்லை, ஆண்டுக்கணக்கில் குடித்தால் இரும்பு மிகுந்து கேடு விளையலாம். ஐம்பதைத் தாண்டிய ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புக் குறைவு வந்தால், குடலில் எங்கே இரத்தம் கசிகிறது என்று தேட வேண்டியதே முதல் வேலை. டானிக் அந்தத் தேடலைத் தள்ளிப்போட்டுவிடும்.

அந்தப் பெயரின் விளைவை என் வீட்டிலேயே கண்டேன். பொங்கலுக்கு வந்திருந்த தம்பி மகன், இரண்டு வயது, 11 கிலோ எடை. உணவு மேசை மேல் நான் வைத்திருந்த புட்டியின் பிசுபிசுத்த மூடியைக் கழற்றி, இனிப்பாக இருக்கிறதென்று நக்கிக்கொண்டிருந்தான். புட்டி நிறைய இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். உடல் எடையில் கிலோவுக்கு 20 மி.கி. தனிம இரும்பைத் தாண்டினால் நஞ்சின் அறிகுறிகள் தொடங்கலாம்; 60-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அவன் எடைக்கு முதல் எல்லை 220 மி.கி.; என் புட்டியில் ஏறக்குறையப் பாதியிலேயே அவ்வளவு இரும்பு இருக்கிறது. அங்கன்வாடி, கிராம சுகாதார செவிலியர் வழியாக ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளுக்குத் தரும் 50 மி.லி. சிரப், மி.லி.க்கு 20 மி.கி. வீதம் 1,000 மி.கி. இரும்பு கொண்டது. வாரம் இரு முறை 1 மி.லி. என்ற அளவில் அது மிக நல்ல மருந்து, அவசியம் கொடுக்க வேண்டியதும்கூட. ஆனால் உள்ளங்கையில் அடங்கும் அந்தப் புட்டியில் என் பெரிய புட்டியைப் போல இரு மடங்குக்கும் மேல் இரும்பு இருக்கிறது. தாயின் சிரப்பைக் குத்துமதிப்பாகப் பாலாடையில் ஊற்றிப் பிள்ளைக்குப் புகட்டுவதும் இதே காரணத்தால் தவறு.

குழந்தை குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், 108-ஐ அழைத்து, புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதலில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து, பிறகு சில மணி நேரம் குழந்தை தேறிவிட்டதைப் போலவே தோன்றும். அதன் பின்னரே இதயமும் கல்லீரலும் பாதிக்கப்படலாம். அந்த இடைவேளையை நம்பி வீடு திரும்பிவிடக் கூடாது. இவ்வளவு இரும்பு உள்ள இனிப்புத் திரவத்தைக் குழந்தை திறக்கக்கூடிய திருகு மூடியில் விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. புட்டிக்கு இரண்டு மதிப்பெண் என்று நான் சொன்னதற்கு இதுவே பெரிய காரணம். இப்போது அது அலமாரியின் மேல்தட்டில் பூட்டி இருக்கிறது.

பலனைச் சொல்கிறேன். ஒரு மாத முடிவில் ஹீமோகுளோபின் 10.3, மூன்றாம் மாத முடிவில் 12.4. மாடிப்படியில் நின்று மூச்சு வாங்குவது இரண்டாம் மாதத்திலேயே நின்றுவிட்டது. முடி கொட்டுவது இப்போதுதான் குறைகிறது. சென்ற வாரம் பார்த்த ஃபெரிட்டின் 28. ஹீமோகுளோபின் நிமிர்ந்ததும் பலர் நிறுத்திவிடுவார்கள் என்றும், இருப்பு நிரம்ப மேலும் சில மாதங்கள் ஆகும் என்றும் மருத்துவர் சொன்னதால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்ற கணக்கில் இதே சிரப்பைத் தொடர்கிறேன். இன்று காலை ஒன்பதாவது புட்டியைத் திறந்தேன். அதன் மூடியிலும் மூன்று கோடுகள்தான்.