நகரியிலிருந்து பந்தேய் ஸ்ரே வரை: நாங்களே வகுத்துக்கொண்ட கம்போடியப் பயணம்

குடும்பத்தோடு வெளிநாடு போக நினைக்கும் உறவினர்கள் சில ஆண்டுகளாக முதலில் என்னிடம்தான் கேட்கிறார்கள். கூட்டத்தோடு பேக்கேஜில் போகலாமா, நமக்கென்று தனித் திட்டம் போட்டு வழிகாட்டி வைத்துக்கொண்டு போகலாமா? இரண்டாவது வழியைத்தான் சொல்கிறேன். கம்போடியாவுக்கு அப்படிப் போய்வந்தோம், பிறகு வியட்நாமுக்கும் அதே முறையில் போனோம். என் கருத்து இன்னும் உறுதிப்பட்டிருக்கிறது. ஆனால் எதற்காகப் போகிறோம் என்பதை ஒரே வரியில் எழுதிக் கொடுக்க முடிந்தவர்களுக்குத்தான் இந்த முறை பலன் தரும். அந்த வரி இல்லாதவர்களுக்குப் பேக்கேஜே போதும், பணமும் மிச்சம்.

எங்கள் வரி இது: "பந்தேய் ஸ்ரே கோயிலில் உள்ள காரைக்கால் அம்மையாரின் சிற்பத்தை அம்மா அவசரமில்லாமல் பார்க்க வேண்டும்."

நாங்கள் ஆந்திர எல்லைக்குள் நகரியில் இருக்கிறோம். விசைத்தறிக் குடும்பம். கடைத்தெருவில் தெலுங்கு, வீட்டில் தமிழ். ரயிலேறி அரக்கோணம் போய், அங்கிருந்து திருவாலங்காட்டுக்கு மாறிப் போவது அம்மாவுக்குப் பல காலத்து வழக்கம். அம்மையார் தலையால் நடந்து போன ஊர், சிவபெருமானின் இரத்தின சபை என்றெல்லாம் சொல்லித்தான் எங்களை வளர்த்தார். கடல் தாண்டிய கம்போடியாவில், கி.பி. 967இல் குடமுழுக்கு நடந்த ஒரு சிவன் கோயிலின் முகப்பில், ஆடும் சிவனின் காலடியில் அந்தப் பேயுருவம் உட்கார்ந்திருக்கிறது என்று கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள் ஒருநாள் படத்தைக் காட்டினாள். அது காரைக்கால் அம்மையார்தான் என்று ஆய்வாளர்கள் பலர் அடையாளம் கண்டிருக்கிறார்கள். அம்மா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். போக வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நாங்கள்தான் முடிவு செய்தோம்.

முதலில் அணுகியது சென்னையில் உள்ள ஒரு பயண முகவரை. "கஸ்டமைஸ்டு" என்று பெரிய எழுத்தில் தலைப்பிட்ட திட்டம் வந்தது. அதில் அங்கோர் வாட்டுக்கு அரை நாள், மிதக்கும் கிராமத்துக்கு அரை நாள், இரத்தினக் கற்கள் விற்கும் கடைக்கு ஒரு நிறுத்தம், பட்டுக் கடைக்கு ஒரு நிறுத்தம். பந்தேய் ஸ்ரே இல்லை. கேட்டதும் சேர்த்தார்கள், பிற்பகல் மூன்று மணிக்கு, முக்கால் மணி நேரம் என்று. எங்கள் பெயரை மாற்றி ஒட்டியதைத் தவிர அந்தத் தாளில் எங்களுடையது எதுவும் இல்லை. அந்த நிறுவனத்தோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டோம்.

பிறகு அங்கோர் வாட்டை ஒட்டிய சியம் ரீப் நகரிலேயே இருக்கும் ஒரு சிறிய நிறுவனத்துக்கு நேரடியாக எழுதினோம். இங்கேதான் வித்தியாசம் தெரிந்தது. அவர்கள் விலையைச் சொல்லும் முன் கேள்வி கேட்டார்கள். அம்மாவுக்கு எத்தனை படி ஏற முடியும்? வெயில் தாங்குவாரா? சைவம் என்றால் மீன் குழம்பு வாடையும் ஆகாதா? பார்க்க விரும்பும் சிற்பத்துக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? இப்படிக் கேட்பவர்களை நம்பலாம் என்பது என் அனுபவம். மின்னஞ்சலில் திட்டம் பலமுறை போய்வந்தது. ஒவ்வொரு முறையும் எதையாவது நீக்கச் சொன்னோமே தவிர, சேர்க்கச் சொன்னது அரிது. காலையில் ஒரு கோயில், வெயில் நேரத்தில் ஓய்வு, மாலையில் இன்னொன்று. வயதானவர்களோடு போகிறவர்கள் இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

செலவில் எதற்குக் கை நீட்டிக் கொடுக்கலாம், எங்கே பிடித்துக்கொள்ளலாம் என்பதில் என் கருத்து திட்டவட்டமானது. வழிகாட்டிக்குக் கொடுங்கள், ஹோட்டலில் குறையுங்கள். அங்கோர் வளாகத்துக்குள் உரிமம் பெற்ற கம்போடியர்கள்தான் வழிகாட்டியாக வர முடியும். சீருடையும் அடையாள அட்டையும் இருக்கும். ஆனால் உரிமம் எல்லோருக்கும் ஒன்றுதான், அறிவு ஒன்றல்ல. நாங்கள் வழிகாட்டியோடு முன்கூட்டியே வீடியோ அழைப்பில் பேச வேண்டும் என்று கேட்டோம், நிறுவனம் ஏற்பாடு செய்தது. அண்ணன் மகள் அவரிடம் சிற்பத்தைப் பற்றிக் கேட்டபோது, அது கிழக்கு வாயில் முகப்பில் எந்த இடத்தில் இருக்கிறது, எந்த நேரத்து வெளிச்சம் அதில் விழும் என்று உடனே சொன்னார். ஒரு பைனாகுலர் கொண்டுவாருங்கள் என்றும் சொன்னார், ஏனென்றால் நடுப்பகுதியில் கயிறு கட்டியிருப்பார்கள், அருகே போக முடியாது. நாளொன்றுக்கு 45 டாலர் அவருக்கு. அந்தப் பயணத்தில் நாங்கள் செலவழித்த பணத்திலேயே அதிகப் பயன் தந்தது அதுதான்.

பந்தேய் ஸ்ரே, சியம் ரீப்பிலிருந்து வடகிழக்கே காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான தூரம். திறக்கும் நேரத்துக்கே வாயிலில் நின்றோம். சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேர்வதற்கு முன் கோயில் எங்களுக்குத்தான். இளஞ்சிவப்பு மணற்கல். சந்தனக் கட்டையில் செதுக்கியது போல் ஒவ்வொரு இலையும் தனித்துத் தெரிகிறது. அரசன் கட்டிய கோயில் இல்லை இது. யக்ஞவராகன் என்ற அரசவைக் குரு கட்டியது, அளவிலும் சிறியது. பத்துக் கைகளோடு ஆடும் சிவன், கீழே ஒரு பக்கம் வற்றிய முலைகளோடு உட்கார்ந்த கிழவி. அம்மா பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை.

"ஆலங்காட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்து உட்கார்ந்திருக்கிறாரே!" என்றார்.

பிறகு பதிகத்தை மெல்லச் சொல்ல ஆரம்பித்தார். வழிகாட்டி கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார், நடுவே ஒரு வார்த்தை பேசவில்லை. பேக்கேஜின் முக்கால் மணி நேரத்துக்குள் இது நடந்திருக்குமா? நடந்திருக்காது என்று அடித்துச் சொல்வேன். நாங்கள் அங்கே காலை முழுவதும் இருந்தோம். இராவணன் கயிலையை அசைக்கும் சிற்பம், சிவன் காமனை எரிக்கும் சிற்பம் எல்லாம் ஆற அமரப் பார்த்த பிறகுதான் இளநீர் குடிக்கவே வெளியே வந்தோம்.

அங்கோர் வாட்டுக்கு எல்லோரும் விடியலில் போகிறார்கள். குளத்தங்கரையில் சூரியோதயம் பார்த்ததும் கூட்டம் காலை உணவுக்கு ஹோட்டலுக்குத் திரும்பிவிடும். அந்த நேரத்தில் கிழக்குச் சுற்றுக்குப் போய்விட வேண்டும் என்பது வழிகாட்டியின் கணக்கு, அது சரியாக இருந்தது. 49 மீட்டர் நீளத்துக்கு அமுதம் கடையும் சிற்பம். ஒருபுறம் 92 அசுரர்கள், மறுபுறம் 88 தேவர்கள். மேற்குச் சுற்றின் தென்பாதியில் குருட்சேத்திரப் போர். எங்கள் பக்கம் தர்மராஜா கோயில்களில் பாரதம் படித்துக் கூத்து நடக்கும். துரியோதனன் படுகளத்துக்கு மண்ணில் பெரிய உருவம் செய்வார்கள். அதைப் பார்த்து வளர்ந்த அம்மாவுக்கு வழிகாட்டி தேவைப்படவே இல்லை. அம்புப் படுக்கையில் பீஷ்மரை அவரே கண்டுபிடித்து எங்களுக்குக் காட்டினார். வழிகாட்டிக்கு அவர் கூத்தைப் பற்றிச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன். உச்சித் தளத்துக்கான படிகள் செங்குத்தானவை. அம்மா கீழேயே இருந்தார், நாங்கள் மாறி மாறி ஏறினோம். தோளும் முழங்காலும் மூடாத உடைக்கு மேலே அனுமதி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அங்கோர் கோயில்களுக்கான நுழைவுச் சீட்டான அங்கோர் பாஸ் ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் பாஸைப் பத்து நாட்களுக்குள் விட்டுவிட்டுப் பயன்படுத்தலாம் என்பதால் நடுவே ஓய்வு நாள் வைக்க முடியும். ஒவ்வொரு டிக்கெட்டிலும் 2 டாலர் கந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது. டாலர் நோட்டுகள் கிழிசலோ கறையோ இல்லாமல் இருக்க வேண்டும். மடிப்பில் சிறு கிழிசல் இருந்தாலும் கடைக்காரர்கள் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சில்லறை ரியலில் வரும், ஏறத்தாழ நாலாயிரம் ரியல் ஒரு டாலர்.

சாப்பாடு பயந்த அளவுக்குச் சிரமமாக இல்லை. மீன் சாறு எதிலும் கலந்துவிடும் நாடு அது. வழிகாட்டி கெமர் மொழியில் ஒரு அட்டை எழுதிக் கொடுத்தார்: இறைச்சி, மீன், முட்டை, மீன் சாறு எதுவும் வேண்டாம் என்று. அந்த அட்டையைக் காட்டினால் சமையற்கட்டுக்கே போய்க் காட்டிவிட்டு வருவார்கள். அண்ணி கொண்டுவந்த பருப்புப் பொடியும் ஊறுகாயும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

கடை நிறுத்தங்களை நீக்கிய இடத்தில் நாங்கள் கேட்டது தறி. விற்பனைக்கூடம் வேண்டாம், நெய்கிற வீடு வேண்டும் என்று எழுதியிருந்தோம். கம்போடியப் பட்டு இயல்பிலேயே பொன்மஞ்சள். அவர்களுடைய ஹோல் துணியில் ஊடு நூலைக் கட்டிக் கட்டிச் சாயம் தோய்த்த பிறகே நெய்கிறார்கள். தெலங்கானாவின் போச்சம்பள்ளித் துணியை அறிந்த கண்ணுக்கு உறவு உடனே புரியும். அண்ணன் அங்கே தறியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நெய்த பெண்மணிக்கும் அவருக்கும் பொது மொழி ஒரு சொல்கூட இல்லை. அறுந்த இழையை எப்படி முடிப்பது என்று இருவரும் கையால் காட்டிப் பேசிக்கொண்டார்கள். அண்ணி வாங்கிய துணிக்கான பணம் நேராக அந்த வீட்டுக்கே போனது.

பண விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்து ஆட்கள் தடுமாறுவது இங்கேதான். முன்பணம் வங்கி வழியாக அனுப்பினோம், மீதியைப் போய்ச் சேர்ந்த பிறகு கொடுத்தோம். உள்ளூர்க் கிளையில் வெளிநாட்டுப் பணம் அனுப்பிப் பழக்கமில்லை. அதற்கான ஏ2 என்ற விண்ணப்பப் படிவத்தோடு பெரிய கிளைக்குப் போக வேண்டியிருந்தது. நாங்கள் போனபோது வெளிநாட்டுப் பயணத் தொகுப்புக்கு 5 சதவீதம் டிசிஎஸ், அதாவது முன்கூட்டிய வருமான வரி, பிடித்தார்கள். அது செலவு இல்லை, வரிக் கணக்கில் உங்கள் பெயரில் வரவு வைக்கப்படும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெற்றோம். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்களும் கணக்கு தாக்கல் செய்தால்தான் அந்தப் பணம் திரும்பும்.

அதைவிடத் தலைவலி, பெயர். நம்மில் பலருக்கு இனிஷியல் மட்டும்தான், தெலுங்கர்களைப் போல் இன்டி பேரு என்ற குடும்பப் பெயர் கிடையாது. ஆதாரில் தெலுங்கு வழியாக ஆங்கிலத்துக்குப் போன எழுத்து வேறு, பள்ளிச் சான்றிதழில் வேறு. டிக்கெட், விசா, ஹோட்டல் மூன்றும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். பாஸ்போர்ட்டின் படத்தை அனுப்பி, அதிலுள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். விமான நிலையத்திலேயே வாங்கினால் கம்போடிய சுற்றுலா விசா 30 டாலர். வந்திறங்கும் முன் இணையத்தில் வருகைப் படிவமும் நிரப்ப வேண்டும். சென்னையிலிருந்து கோலாலம்பூர், சிங்கப்பூர், பாங்காக் போன்ற ஊர்கள் வழியாக மாறிப் போகலாம். வயதானவர்கள் இருந்தால் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் வரும்படி வாங்குங்கள், பெட்டியை நடுவழியில் எடுத்து மறுபடி ஏற்றும் அலைச்சல் இருக்காது. 2023 அக்டோபரில் திறந்த சியம் ரீப்பின் புதிய விமான நிலையம் நகரத்திலிருந்து தள்ளி இருக்கிறது. அழைத்துப்போகும் வண்டியும் திட்டத்தில் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வியட்நாம் பயணத்தில் நோக்கம் மீ சன். நான்காம் நூற்றாண்டில் பத்ரவர்மன் பத்ரேஸ்வரருக்கு எடுத்த கோயிலில் தொடங்கிய சம்பா நாட்டுச் சிவத்தலம். 2020இல் இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே மணற்கல் லிங்கம் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். வேறொரு நிறுவனம் ஏற்பாடு செய்தது. நாங்கள் பேசி வைத்திருந்த வழிகாட்டிக்குப் பதிலாக அன்று காலை வேறொருவர் வந்து நின்றார். நல்ல மனிதர், ஆனால் கோயிலைப் பற்றி அவருக்குத் தெரிந்தது நடன நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்பது மட்டும். அம்மா கேட்ட எதற்கும் பதில் இல்லை. புகார் எழுதியதற்கு வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது, பணம் வரவில்லை. வழிகாட்டியின் பெயர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், அவர் வர முடியாவிட்டால் அன்றைய கட்டணம் திரும்ப வேண்டும் என்ற வரியை இப்போது நான் எல்லோரையும் கேட்டு வாங்கச் சொல்கிறேன். நல்ல நிறுவனங்கள் தயங்காமல் எழுதிக் கொடுக்கின்றன.

பெரியப்பா மகன் குடும்பம் கம்போடியாவுக்கு எங்கள் பழைய நிறுவனம் வழியாகவே ஏற்பாடு செய்தது. எதற்காகப் போகிறோம் என்று அவர்கள் எழுதிய வரி வேறு: மலையுச்சியில் இருக்கும் பிரே விகார் சிவன் கோயில். 2025 ஜூலையில் தாய்லாந்து எல்லையில் மோதல் வெடித்தது, அந்தக் கோயில் எல்லையிலேயே இருக்கிறது. நாங்கள் கேட்கும் முன்பே நிறுவனம் எழுதிவிட்டது: அங்கே அழைத்துப்போக மாட்டோம், பாங்காக்கிலிருந்து சாலை வழியாக வரும் யோசனையையும் விடுங்கள், விருப்பமானால் கோ கேர் போகலாம், வேண்டாமென்றால் அந்த நாளின் பணத்தைத் திருப்புகிறோம் என்று. கோ கேர் பத்தாம் நூற்றாண்டில் நான்காம் ஜெயவர்மனின் தலைநகர், ஏழு அடுக்குப் பிரமிடு நிற்கிறது, 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். அங்கோர் பாஸ் அங்கே செல்லாது, தனி டிக்கெட் 15 டாலர். போகவரக் காரில் ஏறத்தாழ அரை நாள் ஆகும் என்பதால் அன்று வேறு கோயில் எதுவும் வைக்கக் கூடாது.